அடிபட்ட நாளில் நின்றுபோன என் பேச்சு

அன்று சாயந்திரம் எங்கள் வீட்டில் ஜெபமாலைக்கு இருந்தவர்கள் இவர்கள். என் மனைவி ரெஜினா. அவள் தம்பி சவரிமுத்து, சங்கு குளிக்கிறவன். அவன் பெண்சாதி சலேத்தம்மாள், மாசமாயிருந்தாள். எங்கள் தோணியை நடத்தும் தண்டல் மிக்கேல் அண்ணாச்சி. கோயில் உபதேசியார். பிறகு நான். என்னிடம் பேச்சு இல்லை.

பேச்சு போனது அதற்கு மூன்று மாதம் முந்தி, மார்கழியில். உலகச் சண்டைக் காலம். கொழும்பிலிருந்து தோணி திரும்பியது. தூத்துக்குடிக் கரை ஆழமில்லாதது. அளந்து அளந்துதான் உள்ளே வர வேண்டும். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டு, ஆழத்தை ராகமாய்க் கூப்பிட்டுச் சொல்வது என் வேலை. இரண்டு கையும் விரித்த நீளம் ஒரு பாகம். "ஏழு பாகம்" என்று கூப்பிட்டேன். காற்று திரும்பிற்று. பாய் கட்டிய பருமல் மரம் என் இடது நெற்றிப்பொட்டில் அடித்தது.

கண் திறந்தபோது ஆஸ்பத்திரி. வலது கையைத் தூக்க முடியவில்லை. தண்ணீர் கேட்டேன். "ஏழு பாகம்" என்று வந்தது. மறுபடி கேட்டேன். அதுவே வந்தது. ரெஜினாவைக் கூப்பிட்டேன். அதற்கும் ஏழு பாகம். மூளையில் இடது பக்கம் அடி, பேச்சு இருக்கிற இடம் அது என்றார் டாக்டர். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

பிறர் பேசியது எனக்கு விளங்கியது. சொல்ல வேண்டியதும் உள்ளே இருந்தது. வாய்க்கு வரும்போது வேறாகிவிடும். தலையாட்டினால் ஆமாமுக்கும் இல்லைக்கும் ஒரே ஆட்டம். எழுதிக் காட்ட, நான் படித்தது கையெழுத்துப் போடும் மட்டும். அந்தக் கையும் போயிற்று.

தண்டல் அண்ணாச்சி பார்க்க வந்தார். "ஏலே, கட்டில்ல கெடந்துக்கிட்டு ஏழு பாகங்கியே, கட்டில் தரை தட்டிராதுல்லா?" என்றார். சிரித்தேன். அவர் வெளியே போய் அழுதாராம்.

சாவு வரை போய்த் திரும்பினவனுக்குக் கடல் எதையாவது காட்டி அனுப்பும் என்று எங்கள் கரையில் நினைப்பார்கள். சங்கு குளிக்கிறவர்கள் பழம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார்கள். ஏழு பாகத்தில் சங்கு கிடக்கிறது என்று முடிவு கட்டினார்கள். நாலு பேர் போனார்கள். கை நிறைய மணல் கொண்டுவந்தார்கள். "இன்னும் கொஞ்சம் தெக்க போயிருக்கணும்" என்றார்கள்.

சவரிமுத்துவுக்கு முந்தின வருஷம் ஆழத்தில் குளித்தபோது இரண்டு காதிலும் ரத்தம் வந்தது. ஐந்து பாகத்துக்கு மேல் இறங்காதே என்று நான்தான் அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அன்று சாயந்திரம் அவன் சொன்னான், "நாளைக்கு நானும் ஏழு பாகத்துக்குப் போறேன்."

"ஏலே, ஒன் காது?" என்றாள் ரெஜினா.

"அஞ்சுக்கு மேல போவாதன்னு அத்தான்தான் சொன்னாரு. இப்ப அத்தானே ஏழுங்காரு."

வேண்டாம் என்று கத்தினேன். "ஏழு பாகம்" என்றுதான் வந்தது.

"கேட்டியா அக்கா?" என்றான்.

என் வாயாலேயே அவன் சாகப் போகிறான் என்று நினைத்தேன். ஜெபமாலை தொடங்கிற்று. இடது கையால் மணி உருட்டினேன். ஆண்டவரே, எனக்குப் பேச்சு வேண்டாம், இவனை நிறுத்த ஒரு வழி தாரும் என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

பிரார்த்தனை மாலை வந்தது. உபதேசியார் அர்ச்சிஷ்டவர்களாகிய புனிதர்கள் பேரை வரிசையாய்ச் சொன்னார். மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ராகத்தில் பதில் சொன்னார்கள். நடுவில் ஒரு குரல் கூடுதலாய்க் கேட்டது. அது என் குரல். ரெஜினா திரும்பி என் வாயைப் பார்த்தாள். உபதேசியார் நிறுத்தவில்லை. கையால் சைகை காட்டி மேலே நடத்தினார். முடியும் வரை என் வாய் தவறாமல் பதில் சொன்னது.

முடிந்ததும் சவரிமுத்துவிடம் பேசப் பார்த்தேன். மறுபடி ஏழு பாகம். ஆனால் ஒன்று பிடிபட்டது. ராகத்தில், வரிசையில் வருவது எனக்கு வருகிறது. ஆயுசு முழுக்க நான் வரிசையாய்ச் சொன்னது எது? இடது கையால் அவன் காதைப் பிடித்தேன். கயிறு விடுகிற ராகத்தில் ஆரம்பித்தேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு நாக்குக்கு வந்துவிட்டது. காதை விட்டு என் வாயைப் பொத்தினேன்.

மறுபடியும் செய்தேன். காது, ஐந்து, பொத்தல்.

சலேத்தம்மாளுக்குத்தான் முதலில் புரிந்தது. "காதப் புடிச்சி அஞ்சோட நிறுத்துதாருல்லா! நீங்க போவாதிய."

"அப்ப ஏழுங்கது?" என்றான் சவரிமுத்து.

"அடிபட்டப்போ வாயில இருந்த வார்த்தலே அது. கடியாரம் நின்ன மாதிரி அங்கனயே நின்னுட்டு" என்றார் அண்ணாச்சி.

அவன் உட்கார்ந்துவிட்டான். மறுநாள் போகவில்லை.

பிறகு ரெஜினா ஒவ்வொரு சொல்லையும் ஜெப ராகத்தில் போட்டுக் கொடுத்தாள். தண்ணீர் என்ற சொல் வர ஒரு மாதம். அவள் பேர் வர ஐப்பசி ஆயிற்று. இன்றும் கோபம் வந்தால் ஏழு பாகம்தான் வருகிறது. வலது கை சரியாகவில்லை. தோணி வேலை போயிற்று. கரையில் சங்கு எண்ணுகிறேன்.

முன்பெல்லாம் வாய் ஜெபம் சொல்லும், மனம் கடலில் கிடக்கும். அது வீண் என்று நினைத்திருந்தேன். அந்த வாய்ப்பழக்கத்தைப் பிடித்துத்தான் ஆண்டவர் என்னைத் தூக்கினார். இப்போது மனதோடு சொல்கிறேன். உங்கள் வீட்டில் பேச்சுப் போனவர் இருந்தால் பேயென்று சொல்லாதீர்கள், குறி கேட்காதீர்கள். ஜெபத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். கேளுங்கள், அவர் தருவார்.

மறு வருஷம் சவரிமுத்து ஐந்து பாகத்தில் குளித்தான். அவன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சலேத்தம்மாள் கரையில் நின்றாள். அவன் கொண்டுவந்ததை நான் வாய்விட்டு எண்ணினேன். ஏழு வந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எட்டு என்றேன். கடைசிச் சங்கு வரைக்கும் எண்ணினேன்.

முப்பத்தொன்று.