குவாஹாட்டி – மல்லசமுத்திரம்: மூன்று மணி நேரப் பயணத்துக்குப் பதின்மூன்று மணி நேரம்

தங்கை மகளின் கல்யாணத்துக்காகப் போன மாதம் குவாஹாட்டியிலிருந்து சேலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்குப் போனேன். கல்யாணத்துக்கு முந்தின மாலை ஐந்து மணிக்குத் தாய்மாமன் சீர்; மணப்பெண்ணின் நெற்றியில் நான் பட்டம் கட்ட வேண்டும். நான் இல்லையென்றால் பெரியப்பா மகன் தங்கராசு கட்டிவிடுவான். இருபத்து நான்கு வருடங்களுக்கு முன், தங்கை கல்யாணத்தில், என் பஸ் ஈரோட்டில் நின்றுவிட்ட பத்து நிமிடத்தில் எனக்குப் பதிலாக மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனவன் அவன்தான். போட்டோவிலும் அவன்தான் இருக்கிறான். நான் மறக்கவில்லை.

குவாஹாட்டிக்கும் சேலத்துக்கும் வான்வழித் தூரம் சுமார் 2,130 கி.மீ. விமான வேகத்தால் வகுத்தால் மூன்று மணி நேரம். இணையத்தில் இப்படித்தான் போட்டிருக்கிறார்கள். நேர் விமானம் கிடையாது என்பதை வகுத்தவர்கள் சொல்லவில்லை.

காலை 5.15க்கு வீட்டிலிருந்து கிளம்பினேன். விமான நிலையம் 28 கி.மீ., டாக்சிக்கு 900 ரூபாய். ஏழு மணி விமானம் 8.50க்குக் கிளம்பியது. காரணம் கேட்டதற்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். பெங்களூரில் இறங்கியபோது 12.20. சேலம் விமானம் எனக்காகக் காத்திருக்கவில்லை.

வெளியே வந்து கார் பிடித்தேன். 265 கி.மீ., 5,600 ரூபாய். ஓட்டுநர் குமாரபாளையத்துக்காரர். கிளம்பும்போது 12.50. ஓசூர் நெரிசலிலேயே ஒரு மணி நேரம் போனது. நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனித்தவர், வான்வழிக் கணக்கைக் கேட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"அந்த மூணு மணி நேரத்துல சாமி, ஆகாசத்துல இருக்கறதுதானுங்க கணக்கு. ஏறறதும் எறங்கறதும் நம்ம பாடுங்க."

ஐந்து மணிக்குத் தொப்பூரில் இருந்தோம். தங்கராசு பட்டத்தைக் கையில் எடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். ஓட்டுநர் டீக்கு நிறுத்தட்டுமா என்று கேட்டார். கடிகாரத்தைக் காட்டினேன்.

மண்டப வாசலில் இறங்கியபோது 6.20. பந்தலில் ஆளே இல்லை. தங்கராசு மட்டும் தோளில் புதுத் துண்டுடன் போண்டா தின்றுகொண்டிருந்தான். முடிந்துவிட்டதா என்று கேட்டேன்.

"சீரு ஏழு மணிக்குங்கண்ணா. உங்குளுக்கு மட்டும் அஞ்சுன்னு சொல்லச் சொன்னேனுங்க. லோடு எறக்கற நேரத்த லாரி டிரைவருகிட்ட ரண்டு மணி நேரம் முன்னாடி வெச்சுத்தான் சொல்லுவமுங்க. இல்லாட்டி வண்டி வந்து சேராதுங்க."

நாற்பது லாரி வைத்திருக்கிறான். என்னையும் ஒரு லோடாகக் கணக்கில் சேர்த்திருக்கிறான்.

ஏழு மணிக்குப் பட்டம் கட்டினேன். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது தங்கராசு. இந்த முறை போட்டோவில் இரண்டு பேரும் இருக்கிறோம்; அவன் பாதிதான் தெரிகிறான்.

இந்த வழியில் வர நினைப்பவர்களுக்கு: இணைப்பு விமானத்துக்கு நடுவே ஐந்து மணி நேரமாவது விடுங்கள். முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். தங்கராசுவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் திரும்பும்போது பெங்களூரில் விமானம் பிடிக்க ஊரிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அவனிடம்தான் கேட்டேன். பதினொன்று என்றான். அப்படியானால் ஒரு மணிக்குக் கிளம்பினால் போதும் என்று எனக்குத் தெரியும். பத்தரைக்கே கிளம்பிவிட்டேன்.