அடைக்கும் பொத்தான்

போன வாரம் தஞ்சாவூர் மருத்துவமனை ஒன்றில், டோக்கன் தரும் தொடுதிரை என்னை மூன்று முறை திருப்பி அனுப்பியது. நான்காம் முறை சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காலத்தில் இதே ஊரில் இப்படியொரு பெட்டி செய்து ஊராரைப் படுத்தியவள்தானே நான்.

அப்போது அறிவியல் கூடமொன்றில் எனக்குத் தற்காலிக வேலை. காவிரிப் பாசனத்தை விளக்க ஒரு கணினி விளையாட்டு எழுதியிருந்தேன். மதகைத் தொட்டால் திறக்கும், நீலம் ஓடும், வயல் பச்சையாகும். அமைச்சர் ஒருவர் தொட்டுப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைவு. நாகூர்ப் பக்கத்துக் கடைமடைக்காரர்கள் தண்ணீர் கேட்டுப் பக்கத்து அலுவலகத்தில் மனு கொடுக்க வந்தார்கள். அதிகாரி வரும்வரை மின்விசிறிக் காற்றுக்காக எங்கள் கூடத்துக்குள் நுழைந்தார்கள். அவர்களில் ஒருத்தி சவரியம்மாள். என் வயதுதான் இருக்கும். கூலிக்கு நடவு நட்ட குடும்பம். அவளுடைய அப்பா போராடிப் பட்டா வாங்கிய மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நிலம்தான் சொத்து. அதில் நட்ட பயிர் காய்ந்துகொண்டிருந்தது.

திரையையே பார்த்துக்கொண்டு நின்றவள் என்னிடம் கேட்டாள்: “ஏங்க, அடைக்கிற பட்டன் எங்க இருக்கு?”

மதகு திறக்கத்தானே என்றேன், பெரிய மேதாவியாட்டம்.

“மேல உள்ளவங்க முறைக்கு அடைச்சாத்தாங்க எங்களுக்கு வரும்.”

நான் ஆற்றின் மேல்பக்கத்துத் திருக்காட்டுப்பள்ளிக்காரி. ஆறு பக்கத்திலேயே ஓடும். யாருக்கோ முறை விட மதகை அடைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் வரைபடத்தில் டெல்டாவே பாபநாசத்தோடு முடிந்திருந்தது. வெட்கமாகிவிட்டது. அமைச்சர் பாராட்டியதில் கை வைக்காதே, வேலை போய்விடும் என்றார் மேலாளர். வைத்தேன். நாகூர் வரைக்கும் வாய்க்கால் இழுத்து, ஒவ்வொரு மதகுக்கும் அடைக்கும் பொத்தான் சேர்த்தேன். வேலை என்னவோ போகவில்லை.

அடுத்த மாதம் அதே மனுவோடு மறுபடியும் வந்தார்கள். சவரியம்மாள் மேலிருந்து ஒவ்வொரு மதகாக அடைத்தாள். நீலம் மெல்ல இறங்கிக் கடைசி வயலைத் தொட்டது.

“இங்கயாச்சும் வந்துச்சே” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன்பின் எத்தனையோ பேருக்கு மென்பொருள் எழுதிப் பிழைத்துவிட்டேன். இது யாருக்குப் போய்ச் சேராது என்று முதலில் கேட்கும் பழக்கம் மட்டும் அவள் போட்ட பிச்சை.

அந்தக் கணினி காயலான் கடைக்குப் போயிற்று. நிரலுக்குப் பிரதிகூடக் கிடையாது. அவளுக்கு நன்றியாவது சொல்லலாமென்று இரண்டு வருஷம் முன்பு விசாரித்துக்கொண்டு போனேன். குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார்களாம். அந்த மூன்று மாவை ஊர்க்காரர்கள் காட்டினார்கள். இறால் குட்டை. கரை ததும்பத் தண்ணீர் நின்றது, அத்தனையும் உப்பு.