கையில் தராத உப்பு

சந்தாபுராவுக்குக் குடிவந்து எட்டு மாதமாகிறது.

இன்று மதியம் ரசம் கொதிக்கும்போதுதான் உப்பு தீர்ந்துபோனது தெரிந்தது. போனில் ஆர்டர் போட்டால் பத்து நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதிலிருந்து நான் யாரிடமும் வாய் திறந்து பேசவில்லை. அதனால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அங்கே சரளா அக்காவும் தனியாகத்தான் இருக்கிறார். லிஃப்டில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுக்கொள்வோம். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

கிண்ணம் நிறைய உப்பு கொண்டுவந்தார். நான் கை நீட்டினேன். அவர் என் கையில் தராமல் வாசலில் இருந்த ஸ்டூலின் மேல் வைத்தார்.

"எடுத்துக்கோங்க. கையில குடுத்தா சண்டை வரும்."

"இதெல்லாம் நம்புறீங்களா அக்கா?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

"ஒரு தடவை அவசரத்துல என் தங்கச்சி கையில குடுத்துட்டேன். அந்த வாரமே எங்களுக்குள்ள பேச்சு நின்னுபோச்சு. ஆறு வருஷம் ஆச்சு. உப்பால இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா இந்த ஃப்ளோர்ல என்கிட்ட பேசறது நீங்க ஒருத்தர்தான். எதுக்கு ரிஸ்க்?"

கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நாளைக்குப் போய் ஊசி கேட்கலாம் என்றிருக்கிறேன். ஊசியையாவது கையில் வாங்கலாமா, அதுவும் கூடாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.