“இதில ஆராவது பேசியிருக்கினுமா?”

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு எங்கள் பள்ளியில் நீண்ட மணி அடித்தது. பள்ளியிலிருந்து மூன்று வீடு தள்ளித்தான் நான் குடியிருக்கிறேன். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியும் என் நாள் அந்த மணியோடுதான் நகர்கிறது. அன்றைய மணியில் ஏதோ சரியில்லை. ஒரு அடியின் ஒலி அடங்கும் முன்பே அடுத்த அடி விழுந்தது. வாசலுக்கு வந்து பார்த்தேன். பிள்ளைகள் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

“லீவு டீச்சரே, லீவு!”

“எதுக்கு மக்கா?”

“பியூன் தாசன் மாமன் செத்துப்போச்சு.”

பின்னால் வந்த பெண்பிள்ளை சொன்னவன் முதுகில் ஒன்று வைத்தாள். “எலே, சிரிச்சோண்டு சொல்லப்பிடாது.”

எங்கள் பள்ளியில் படித்து, தாசனை அறிந்த உங்களுக்கு அவர் மணியடிக்கும் விதம் நினைவிருக்கும். ஒவ்வொரு அடியும் முழுதாகக் கரைந்து தீரும்வரை காத்திருப்பார். வகுப்புக்குச் சுற்றறிக்கை கொண்டு வந்தாலும் அப்படித்தான். நான் வாசித்துக்கொண்டிருக்கும் வரி முடியும்வரை வாசலில் நிற்பார். பிறகு பாதிக் குரலில், “டீச்சர், ஒரு நோட்டீஸ் உண்டு” என்பார். பாடம் கலையாது. கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட விழிக்க மாட்டான்.

பள்ளி விட்டால் அவருக்கு வேறொரு உலகம். வளைகுடாவிலிருந்து முதல் தலைமுறை ஆட்கள் தோளில் சுமந்து வந்த ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டிகள், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பரணுக்கு ஏறிவிட்டன. வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது. பனச்சமூடு சந்தையில் பழைய இரும்புக்கு நடுவே அவை சாக்கின்மேல் கிடக்கும். தாசன் அவற்றைத் துண்டில் பொதிந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். குளத்தூரில் அவர் வீட்டு முன்னறையில் பதினெட்டு பெட்டிகள் இருந்தன. அவர் மனைவி லலிதா எல்லோரிடமும் சொல்வாள்: “பெட்டிக்கு கட்டிலு உண்டு. எனக்கு பாயாக்கும்.”

“பெட்டி குறட்டை விடாது” என்பார் தாசன்.

பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைப்பதே அவருடைய முக்கால்வாசி வேலை. உடைந்த குமிழுக்குப் புதியது மாட்ட மாட்டார். அதே வகைப் பெட்டி இன்னொன்று கிடைக்கும்வரை காத்திருந்து, அதிலிருந்து எடுத்து மாட்டுவார். “புதுசாக்கப்பிடாது டீச்சர். பழசைப் பழசாட்டே எழுப்பணும்” என்பார்.

அந்தச் சொல்லை அவரே ஒருமுறை மீறினார்.

என் கணவரின் தம்பி மஸ்கட்டிலிருந்து கொண்டு வந்த பெட்டி எங்கள் வீட்டில் இருந்தது. வந்த அன்றே என் கணவர் அதில் பேசிப் பார்த்தார். அவர் குரல் பதிந்தது அந்த ஒரு டேப்பில் மட்டும்தான். அவர் காலமாகி மூன்றாம் வருடம் பெட்டி சுற்றாமல் நின்றது. தாசனிடம் கொடுத்தேன். ஒரு வாரத்தில் பளபளவென்று கொண்டு வந்தார். கடையில் வாங்கிய பாட்டு டேப்பைப் போட்டார். தாளம் அப்படித் தெளிவாகக் கேட்டது. பிறகு என் டேப்பைப் போட்டேன். குளத்தின் அடியிலிருந்து யாரோ பேசினார்கள். சொல் எதுவும் பிரியவில்லை.

தாசனின் முகம் வெளுத்துவிட்டது. “தலை சரிஞ்சு இருந்து டீச்சர். நேராக்கிப் போட்டேன். அடையாளமும் வைக்கல்ல.”

டேப்பின் ஒலியைப் படிக்கும் சிறு உலோகத் துண்டைத்தான் தலை என்கிறார்கள். என் பழக்கப்படி ஓர் உதாரணம் சொல்கிறேன். நோட்டைச் சாய்த்து வைத்து எழுதும் பிள்ளையின் எழுத்தைப் படிக்க, நாமும் கழுத்தைச் சாய்க்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால் படிக்க வராது. எங்கள் பெட்டி பிறந்த நாள் முதல் தலை சாய்ந்தது. என் கணவரின் குரல் அந்தச் சாய்வில்தான் பதிந்திருந்தது. அந்தச் சாய்வு எவ்வளவு என்பது இப்போது யாருக்கும் தெரியாது.

ஓண விடுமுறையில் மூன்று பிற்பகல்கள் அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தேன். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்தது. பதினெட்டு பெட்டிகளும் வட்டக் கண்களோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் மெல்லிய திருப்புளியால் திருகாணியை மயிரிழை திருப்புவார், நான் கேட்பேன்.

“டீச்சர்தான் சொல்லணும். சாருக்க சத்தம் எனக்கு அறியாது.”

“இல்லை.”

இன்னும் ஒரு மயிரிழை. “இப்பமோ?”

“இல்லை.”

மூன்றாம் நாள், “இனி ரொம்ப ஓட்டப்பிடாது. டேப்பு மெலிஞ்சு போச்சு. அறுந்துபோனா என்னால ஒண்ணும் செய்ய ஒக்காது” என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மழைச் சத்தம் எது, டேப்பின் இரைச்சல் எது என்று பிரிக்க முடியவில்லை. நீரிலிருந்து ஒருவர் மெல்லக் கரையேறி வருவதுபோல இருந்தது. முதலில் இருமல் வந்தது. அப்புறம் அறைக்குள்ளேயே நின்று பேசுவதுபோல அந்தக் குரல்:

“ராஜம், இது ஓடுதா இல்லியா? வந்து பாரு.”

“ஓடுது சார், ஓடுது!” என்று எழுந்து நின்றார் தாசன்.

அடுக்களையிலிருந்து லலிதா எட்டிப் பார்த்தாள். “ஆருக்க கிட்ட பேசுதியோ?” தாசன் அவளுடைய நகப்பூச்சு குப்பியைக் கேட்டு வாங்கி, திருகாணி அசையாதபடி அதன்மேல் ஒரு சிவப்புத் துளி வைத்தார்.

அதன்பிறகு யார் பெட்டி கொண்டு போனாலும், வாங்கும் முன் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “இதில ஆராவது பேசியிருக்கினுமா?” உங்களில் பலர் அதைக் கேட்டுச் சிரித்திருப்பீர்கள்.

பதினாறு கழிந்த மறுநாள் லலிதா வந்தாள். கையில் ஒரு டேப். பழுது பார்த்த பெட்டிகளை அவர் பேசிச் சோதிப்பது அதில்தான். பழைய பேச்சின்மேலேயே புதியதைப் பதிவு செய்வார். உதியன்குளங்கரையிலிருந்து வந்த கடைசிப் பெட்டிக்குப் பேசியது மட்டும் மிஞ்சியிருந்தது.

“டீச்சர் ஒருக்கா கேளுங்கோ.”

என் பெட்டியில் போட்டேன். “ஒண்ணு, ரெண்டு. உதியன்குளங்கரை செட்டு. கேக்குதா?” தெளிவில்லாமல், தூரத்திலிருந்து வந்தது.

“ஐயோ, குடத்துக்குள்ள நின்னு பேசுத மாதிரி இருக்கு. எங்க வீட்டுப் பெட்டியில எல்லாம் நல்லா கேக்குதே. இந்தத் திருகாணிய லேசா ஒண்ணு...”

“வேண்டாம், லலிதா.”

சிவப்புத் துளி அப்படியே இருக்கிறது. அந்த டேப்பையும் அவள் என்னிடமே விட்டுப் போனாள். பிற்பகலில் சில நேரம் முதலில் என் கணவரின் டேப்பைப் போடுகிறேன். அவர் பேசி முடித்ததும் அதை எடுத்துவிட்டு மற்றதைப் போடுகிறேன். வரி முடியும்வரை வாசலில் காத்து நின்றவர், பாதிக் குரலில் கேட்கிறார்: “கேக்குதா?”

கேட்கிறது, தாசன்.