பச்சைப் பட்டை

கல்யாண மண்டபத்துக்குப் போனால் இசைவாணி முதலில் மணமக்களைப் பார்க்க மாட்டாள். பின்பக்கக் கதவு எங்கே இருக்கிறது, அதை யாராவது பூட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பாள். ஓட்டலில் சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டாள். "உன்னோட சினிமாவுக்குப் போறதும் ஒண்ணுதான், ஃபயர் சர்வீஸ்காரங்களோட செக்கிங் போறதும் ஒண்ணுதான்" என்று அவள் கணவன் பகலவன் கிண்டல் செய்வான். அவள் சிரிப்பாள். ஆனால் எழுந்து இடம் மாறித்தான் உட்காருவாள்.

பயப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றும் சொல்லலாம். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் பாதுகாப்பு அதிகாரி. தீயணைப்பான்கள் வேலை செய்கின்றனவா, ஆக்சிஜன் இருப்பு போதுமா, மாடிப்படியில் யாராவது அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பது அவள் வேலை. திடீரென்று பலர் அடிபட்டு வந்தால் யார் எங்கே நிற்க வேண்டும், யாரை முதலில் உள்ளே எடுக்க வேண்டும் என்ற திட்டத்தை எழுதியதும் அவள்தான்.

அவள் பிறந்தது அதே சாலையோரத்து வல்லம் வடகால் கிராமம். அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது ஒரு கம்பெனியின் பார்க்கிங் இருக்கிறது. வேதியியல் படித்து, தொழிற்சாலைப் பாதுகாப்பில் டிப்ளமோ முடித்து, கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் சில வருடங்கள் இருந்துவிட்டு மருத்துவமனைக்கு வந்தவள். அதனால் அந்தச் சாலையில் பஸ்ஸில் போகும்போது மற்றவர்களுக்குச் சுவர்கள் தெரியும். அவளுக்கு அந்தச் சுவர்களுக்குப் பின்னால் இருக்கும் தொட்டிகள் தெரியும். எதில் என்ன இருக்கிறது என்பது பாதிதான் தெரியும். அந்தத் தெரியாத பாதிதான் அவளைத் தூங்கவிடாது.

அவள் எழுதிய திட்டம் எளிமையானது. உயிருக்குப் போராடுபவர்களுக்குக் கையில் சிவப்புப் பட்டை. காத்திருக்கக்கூடியவர்களுக்கு மஞ்சள். தானாக நடந்து வருபவர்களுக்குப் பச்சை. பச்சைக்காரர்களுக்கு முதலுதவி செய்து சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், கட்டில்கள் காலியாக இருக்க வேண்டும். நர்சிங் மாணவிகள் சிவப்பு மை பூசிக்கொண்டு படுத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே நடந்தது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை முற்பகலில் அந்த போன் வந்தது. தொழிற்பேட்டையில், உலோகத் தகடுகளை அமிலத்தில் கழுவும் ஒரு சிறு பட்டறையில் பீப்பாய் உடைந்து புகை கிளம்பிவிட்டது, ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம் என்றார்கள்.

இசைவாணி எல்லோரையும் ஒத்திகையில் நின்ற அதே இடங்களுக்கு ஓடச் சொன்னாள். போர்ட்டிகோவுக்கு வெளியே தார்ப்பாய் கட்டித் தண்ணீர்க் குழாயை இழுத்து வைத்தார்கள். வந்தவர்களை உள்ளே விடாமல் அங்கேயே குளிப்பாட்டி, மாற்று உடை கொடுத்தார்கள். காலில் அமிலம் பட்டுத் தோல் வெந்துபோன ஒருவருக்கு மட்டும் சிவப்புப் பட்டை. மற்றவர்களுக்குக் கண் எரிச்சல், கொஞ்சம் இருமல். எல்லோரும் தாமாகவே நடந்தார்கள். எல்லோருக்கும் பச்சை.

அவர்களில் சங்கரநாராயணன் என்றொருவர் இருந்தார். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்குபவர். பட்டையைக் கட்டிய இசைவாணியிடம், "எம்மா, இது எந்தக் கோயில் கயிறு? கட்டுனா கல்யாணம் ஆவுமா, புள்ள பொறக்குமா? ரெண்டும் எனக்கு ஆயிட்டு" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ராத்திரி வண்டிக்கு ஊருக்குப் போவதாகவும், மகளுக்கு வளைகாப்பு என்றும் சொன்னார். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். திட்டப்படி ஒவ்வொருவராக அனுப்ப ஆரம்பித்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவசர சிகிச்சைப் பிரிவின் டாக்டர் அமலா வேகமாக வெளியே வந்தார். எப்போதும் நிதானமாக நடக்கிறவர். அவர் நடையைப் பார்த்ததுமே இசைவாணி எழுந்து எதிரே போனாள்.

"வாணி, பச்சை கட்டினவங்க எங்க?"

"முக்கால்வாசிப் பேர அனுப்பிட்டோம் டாக்டர்."

"திரும்பக் கூப்பிடுங்க. எல்லாரையும்."

"என்னாச்சு?"

"கால் வெந்தவரு இப்பத்தான் சொல்றாரு. புகை பழுப்பா, செங்கல் தூளு மாதிரி இருந்துச்சாம். நைட்ரிக் ஆசிட். கம்பெனிக்காரங்க வெறும் ஆசிட்னுதான் சொன்னாங்க. அந்தப் புகை உள்ள போனா மொதல்ல ஒண்ணும் தெரியாது, வாணி. நல்லா இருப்பாங்க, சிரிப்பாங்க, சாப்பிடுவாங்க. சாயந்தரத்துக்கு மேல நுரையீரல்ல தண்ணி கோக்கும்."

கடைசியாக ஒரு கும்பல் ஷேர் ஆட்டோவில் ஏறிக் கையசைத்துவிட்டுப் போனது இசைவாணியின் கண்முன் வந்தது. அவர்களை அனுப்பச் சொல்லியிருந்தது அவள் கையால் எழுதிய வரி.

ஆட்களைத் திரும்பப் பிடிப்பது எளிதாக இல்லை. பட்டறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எல்லோருடைய போன்களும் கேட் லாக்கரில் மாட்டிக்கொண்டிருந்தன. அந்த இடத்தைத் தீயணைப்புத் துறையினர் அடைத்துவிட்டார்கள். ஆட்களை அனுப்பிய ஒப்பந்தக்காரர் திருமலைக்கு அவள் போன் செய்தாள்.

"இன்னா மேடம் நீங்க, நல்லாக்கீறவன இழுத்தாந்து படுக்க வெக்கச் சொல்றீங்க? பில்லு ஏத்தவா?"

"பில்லே வேணாம் சார். அவங்க எங்க தங்கிக்கினு இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க. ராத்திரிக்குள்ள செத்துருவாங்க சார்."

அந்தச் சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. திருமலை தானே பைக்கை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய் ஆட்களை அனுப்பி வைத்தார். சிலர் திட்டிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் ஓ.டி. என்கிற ஓவர்டைம் காசு போய்விட்டது என்று சண்டை போட்டார்.

அப்படிச் சண்டை போட்டவர்தான் முதலில் மூச்சு வாங்க ஆரம்பித்தார். பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உதடு நிறம் மாறியது. இருமியபோது இளஞ்சிவப்பு நுரை வந்தது. நர்சுகள் ஓடினார்கள். இசைவாணி சுவரோடு ஒட்டி நின்றாள். இதைப் பற்றிப் படித்திருக்கிறாள், பார்த்ததில்லை. தண்ணீரே இல்லாத இடத்தில் ஒரு மனிதர் மூழ்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் எல்லோரும் வந்துவிட்டார்கள், சங்கரநாராயணனைத் தவிர.

இசைவாணி ஆம்புலன்சில் ஏறினாள். ஆக்சிஜன் சிலிண்டரை இரண்டு முறை திறந்து பார்த்தாள். கூட நர்ஸ் பூஜா வந்தாள். ஓட்டியது டில்லிபாபு. ஒரகடத்தில் சங்கரநாராயணன் தங்கியிருந்த அறையைக் கண்டுபிடித்தார்கள். அங்கே லுங்கி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர், "பெரியவரா? பையத் தூக்கிக்கினு கெளம்பிட்டாரே. சிங்கப்பெருமாள் கோவில்ல லோக்கல் ட்ரெயின் புடிச்சு செங்கல்பட்டு போறேன்னாரு. சளி புடிச்சிருக்குன்னு விக்ஸ் தடவிக்கினு போனாரு" என்றார்.

ஷிப்ட் விடும் நேரம். சாலை முழுவதும் கம்பெனி பஸ்கள், நடுவே கன்டெய்னர் லாரிகள். சைரன் போட்டும் வழி கிடைக்கவில்லை. வழிவிட நினைத்தவர்களுக்கும் ஒதுங்க இடமில்லை. டில்லிபாபு ஸ்டியரிங்கை அடித்தான். தாண்டிப் போன ஒவ்வொரு ஷேர் ஆட்டோவுக்குள்ளும் இசைவாணி எட்டிப் பார்த்தாள். அவர் செங்கல்பட்டு போய்விட்டால் நெல்லை வண்டியில் ஏறிவிடுவார். பெர்த்தில் படுத்து, போர்வையை இழுத்துவிட்டுக்கொள்வார். பக்கத்துப் பெர்த்துக்காரர்கள் விளக்கை அணைத்துவிடுவார்கள். விடியும்போது வண்டி எந்த ஊரில் இருக்கும், யார் அவரைத் தட்டி எழுப்பிப் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

"மேடம், எறங்கி ஓடுங்க. ஸ்டேஷன் பக்கந்தான். நான் வண்டியக் கொண்டாறேன்" என்றான் டில்லிபாபு.

அவளும் பூஜாவும் சிறிய சிலிண்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பிளாட்பாரத்தின் கடைசிப் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் பை, முழங்காலில் ஊன்றிய கைகள், முன்னால் வளைந்த உடம்பு. யாரோ வாங்கிக் கொடுத்த சோடா பாட்டில் பக்கத்தில் தொடாமல் இருந்தது. மணிக்கட்டில் பச்சைப் பட்டை அப்படியே இருந்தது.

"அண்ணே!"

அவர் நிமிர்ந்தார். அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எம்மா... நீயா? லேசா இளைப்பு... அவ்வளவுதான். வண்டி வந்துரும்."

"ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"மக காத்துக் கெடப்பா... காலையில வளைகாப்பு..." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சை இழுத்தார். அவர் நெஞ்சுக்குள் ஏதோ களகளவென்று கொதிக்கும் சத்தம் அவளுக்கே கேட்டது.

பூஜா முகமூடியை வைத்தாள். அவர் தள்ளிவிட்டார். அந்த நேரத்தில் ரயில் வந்து நின்றது. பையைப் பிடித்துக்கொண்டு எழுந்து இரண்டடி வைத்தார். இசைவாணி அவர் பையை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் திருட்டு என்று நினைத்துக் கத்தினார்கள். அவள் விடவில்லை. "அண்ணே, பேரப்புள்ளயப் பாக்கணுமா வேணாமா?" என்று அழுதுகொண்டே கத்தினாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் முகத்திலிருந்த பயம் அவருக்கும் தொற்றியிருக்க வேண்டும். அப்படியே தரையில் உட்கார்ந்து, முகமூடியைத் தன் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார். ரயில் போய்விட்டது.

திரும்பும் வழியெல்லாம் அவர் கை இசைவாணியின் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது. அன்றே அவரை வென்டிலேட்டரில் போட்டார்கள். ஓ.டி.க்குச் சண்டை போட்டவர் பக்கத்துக் கட்டிலில். ஐ.சி.யு. நிறைந்துவிட்டது. இருந்த ஆட்கள் எல்லோரும் இப்போது கண் முன்னால் இருக்கிறார்கள் என்ற நினைப்பில் இசைவாணி வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். பகலவன் போட்டுக் கொடுத்த காபியைக் குடிக்காமலேயே தூங்கிப் போனாள்.

காலையில் அவள் மருத்துவமனைக்குள் நுழைந்தபோது போர்ட்டிகோவில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. அதில் ஒரு மனிதரைப் பாயோடு கிடத்திக் கொண்டு வந்திருந்தார்கள். வாயோரத்தில் காய்ந்த நுரை. டாக்டர் அமலா ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டுத் தலையை அசைத்தார்.

அவர் பெயர் நடேசன். லாரி கிளீனர். முந்தின நாள் அந்தப் பட்டறையில் பீப்பாய்களை இறக்கியவர். பீப்பாய் உடைந்ததும் லாரியைப் பின்கேட் வழியாக வெளியே எடுத்துவிட்டார்கள். இருமல் என்று சொல்லி வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கிறார். பட்டறையின் ஆள் இல்லை என்பதால் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. இசைவாணியும் கேட்கவில்லை.

அவர் மனைவி சின்னப்பொண்ணு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். வார்டு பக்கம் பேசிக்கொண்டவர்களிடமிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"அக்கா, மத்தவங்களயெல்லாம் வூடு வூடாப் போயி இட்டாந்தீங்களாமே. ஸ்டேஷன் வரைக்கும் ஓடனீங்களாமே. எங்க வூட்டுக்கு மட்டும் ஏங்க்கா யாரும் வரல?"

இசைவாணி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அவரு அங்க இருந்தது தெரியலம்மா."

"கேட்டிருந்தா யாராவது சொல்லிருப்பாங்களே."

"ஆமாம்மா."

உடலை எடுத்துப் போகும்வரை இசைவாணி அங்கிருந்து எழவில்லை.

சங்கரநாராயணன் பிழைத்துக்கொண்டார். ஊருக்குப் போகப் பல வாரங்கள் ஆயின. மாடிப்படி ஏறினால் இப்போதும் மூச்சு வாங்குகிறது, பட்டறை வேலைக்கு இனி முடியாது. ஓ.டி.க்காரரும் பிழைத்தார். பேத்தி பிறந்த செய்தியை சங்கரநாராயணன் போன் செய்து சொன்னபோது இசைவாணி சந்தோஷப்பட்டாள். ஆனால் போனை வைத்ததும் நினைவுக்கு வந்தது சின்னப்பொண்ணுவின் முகம்தான்.

திட்டத்தை டாக்டர் அமலாவும் அவளும் உட்கார்ந்து மாற்றி எழுதினார்கள். புகை என்றால் இனிமேல் பச்சைப் பட்டைக்காரர்களையும் அனுப்புவதில்லை, மறுநாள் வரை வைத்துப் பார்க்க வேண்டும். நிர்வாகம் கட்டில் போதாது என்று முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டது.

வேலையை விட்டுவிடலாமா என்று ஒருமுறை பகலவனிடம் கேட்டாள். "வுட்டுட்டா பயம் போயிடுமா?" என்றான் அவன். போகாது என்று அவளுக்கே தெரியும்.

மாதத்தில் சில நாட்கள் அவள் தொழிற்பேட்டையில் கம்பெனி கம்பெனியாகப் போகிறாள். தொட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பதோடு இப்போது நிறுத்துவதில்லை. பின்கேட்டுக்குப் போய் வாட்ச்மேனிடம், "இப்ப, இந்த நிமிஷம், உள்ள யார் யாரு இருக்காங்க? லாரி ஆளுங்க, தண்ணி கேன் போடறவங்க, எல்லாரும்?" என்று கேட்கிறாள். சில இடங்களில் உடனே சொல்லிவிடுகிறார்கள். பல இடங்களில் வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிவிட்டு யோசிக்கிறார். பதில் வரும்வரை அவள் அங்கேயே நிற்கிறாள்.