அப்பா டார்ச் பிடித்த ஞாயிற்றுக்கிழமை

நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்துவிட்டது. அக்கா பட்டனை அமுக்கினாள். வழக்கமாக உள்ளே ஏதோ உறுமும், முகப்பில் நீல விளக்கு எரியும். அன்று ஒன்றுமில்லை. நானும் அமுக்கிப் பார்த்தேன். கரண்ட் போய்விட்டதோ என்று அம்மா வந்து மேலே பார்த்தாள். மின்விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். திங்கட்கிழமை காட்ட வேண்டிய ப்ராஜக்ட் முழுவதும் அதற்குள் இருந்தது. வேறு எதிலும் அவள் காப்பி எடுத்து வைத்திருக்கவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்குப் போன் செய்தாள். கொண்டுவந்து போட்டுவிட்டுப் போங்கள், உள்ளே இருப்பது பிழைக்குமா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். போனை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில், ஏரியை ஒட்டி இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்து, கூடத்து மூலையில் உட்கார வைத்தவர் சித்தப்பா. அப்பாவுக்கு ஒரே தம்பி. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருந்தார். முதலில் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். நிலத்தைப் பிரித்தபோது கிணறு அப்பாவின் பங்கில் விழுந்தது. சித்தப்பாவின் கழனிக்குப் போகிற குழாயை எந்த வரப்பில் பதிப்பது என்று பேச்சு தொடங்கியது. குழாயில் தொடங்கிய பேச்சு, தாத்தாவின் கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டது என்பதுவரை போய் நின்றது. சித்தப்பாவும் சித்தியும் உத்திரமேரூரில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கம்ப்யூட்டரை மட்டும் எடுத்துப் போகவில்லை. அதன் பிறகு வந்த பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பானை நிறையச் சோறு மிஞ்சியது.

அக்கா அழுவதைக் கொஞ்சநேரம் பார்த்த அம்மா, போனை என் கையில் கொடுத்தாள்.

“சித்தப்பாவுக்குப் போடு. நீயே பேசு.”

அப்பா பக்கத்தில்தான் இருந்தார். காதில் விழாதவர்போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் மாட்டுக்கொட்டகைக்குப் போனார். அந்த நேரத்தில் கொட்டகையில் அவருக்கு வேலை எதுவும் கிடையாது.

சித்தப்பா உடனே வந்துவிட்டார். வண்டியை நிறுத்தியவர் உள்ளே வராமல் வாசற்படிக்கு வெளியே நின்றார். அது அவர் பிறந்த வீடு.

“இன்னாப்பா, கணக்கெடுக்க வந்த ஆபீசருங்க மாதிரி வெளியவே நின்னுகினு கீற. உள்ள வா” என்றாள் அம்மா.

வந்தவர் முதலில் சுவரில் இருந்த பிளக்கை டெஸ்டரால் தொட்டுப் பார்த்தார். கரண்ட் இருந்தது. பிறகு மேஜையை இழுத்துப் பின்னால் குனிந்தார். நானும் குனிந்தேன். மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்த வயரை எலி கடித்து, செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பையிலிருந்து வேறொரு வயரை எடுத்துச் சொருகிப் பட்டனை அமுக்கினார். உள்ளே உறுமியது. நீல விளக்கு எரிந்தது. திரையில் எழுத்து ஓடி, அக்காவின் படங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். சித்தப்பா ஒரு பென்டிரைவில் அவள் ப்ராஜக்டைக் காப்பி செய்து கையில் கொடுத்தார். அவள் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் சித்தப்பா எழுந்திருக்கவில்லை. பின்கதவு வழியாகப் பார்த்தார். அங்கே அப்பாவின் முதுகு தெரிந்தது. சித்தப்பா கம்ப்யூட்டரை அணைத்தார். வயரை உருவினார். ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

“அண்ணி, இது பெரிய வேலையா கீது. உள்ள ஒரே இருட்டு. டார்ச் புடிக்க ஒரு ஆள் வேணும்” என்று கொட்டகைவரை கேட்கும்படி சொன்னார்.

“நான் புடிக்கிறேன் சித்தப்பா.”

“உன் கை ஆடும் பாப்பா.”

என் கை ஆடவே ஆடாது. பள்ளிக்கூடத்தில் எலுமிச்சைப் பழத்தைக் கரண்டியில் வைத்து ஓடி முதல் பரிசு வாங்கியவள் நான். அதை எடுத்துச் சொல்வதற்குள் அம்மா பின்பக்கம் பார்த்து, “உங்களத்தான். டார்ச் எடுத்துகினு வாங்க” என்று குரல் கொடுத்தாள்.

அப்பா வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் சித்தப்பாவின் தலைக்கு மேலாக டார்ச்சைப் பிடித்தார். சித்தப்பா பிரஷ்ஷால் தூசியைத் தட்டினார். ஒரு பச்சைப் பட்டையைப் பிடுங்கி என் ரப்பரால் தேய்த்தார்.

“கொஞ்சம் இப்டி” என்றார்.

“இப்டியா?”

“இன்னும் கீழ.”

வெகுநேரம் அவ்வளவுதான் பேச்சு. பிறகு சித்தப்பா பெட்டிக்குள் பார்த்தபடியே, “கெணத்துல தண்ணி எப்டி கீது?” என்று கேட்டார். அப்பா பெட்டிக்குள் பார்த்தபடியே, “கீது. ரெண்டு போகத்துக்கு வரும்” என்றார். இன்னும் கொஞ்சம் தூசி தட்டப்பட்டது. “உன் கழனிய ஏண்டா கரம்பா போட்டு வெச்சிருக்க?” என்றார் அப்பா. “தண்ணி ஏதுண்ணா?” என்றார் சித்தப்பா. டார்ச் வெளிச்சம் லேசாக ஆடியது. என் கை ஆடும் என்றவர், அப்பாவின் கை ஆடியதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். “அம்மா, அது அப்பவே எரிஞ்சுது. வயருதான் போயிருந்துது. சித்தப்பா சும்மா கழட்டிக்கினு கீறாரு.”

அம்மா உலைக்கு இன்னும் ஒரு படி அரிசி களைந்துகொண்டிருந்தாள். “கழட்டட்டும். நீ போயி ரெண்டு எல சேத்து அறுத்துகினு வா” என்றாள்.

அன்று சித்தப்பா சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அடுத்த ஞாயிறும் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தார். அதற்கு அடுத்த ஞாயிறு சித்தியும் வந்தாள். நல்லாயிருந்த பெட்டியை இத்தனை தடவை திறந்து பார்க்கிறவரின் கடை எப்படி ஓடும் என்று எனக்குக் கவலையாக இருந்தது. நடுவில் அண்ணனும் தம்பியும் கழனிப் பக்கம் போய் வரப்பை அளந்துவிட்டு வந்தார்கள்.

பிறகு பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். சித்தப்பாவுக்குக் கடையில் வேலை அதிகமாகி, சில வாரங்கள் வரவில்லை. ஒரு ஞாயிறு காலை அப்பா கம்ப்யூட்டருக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். அவர் தானாக ஒருநாளும் அதன் பக்கம் போகிறவர் இல்லை.

“பாப்பா, இது மறுபடியும் எரியல. சித்தப்பாவுக்குப் போன் போடு” என்றார்.

நான் மேஜைக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தேன். எலி கடித்திருக்கவில்லை. வயர் பெட்டியிலிருந்து கழன்று, ஒழுங்காகச் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. எடுத்துச் சொருகிப் பட்டனை அமுக்கினேன். நீல விளக்கு எரிந்தது.

“வந்துடுச்சுப்பா. சித்தப்பாலாம் வேணாம்” என்றேன். அப்பா என்னைத் தூக்கிக் கொஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அப்டிலாம் நாமளே பண்ணக் கூடாதும்மா. உள்ள இன்னா கோளாறோ. அவன் வந்து பாக்கட்டும்” என்று போனை என்னிடம் நீட்டினார்.

வயரைச் சொருகினால் எரியும் என்பதுகூட அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. அவர் மனம் நோகக் கூடாதே என்று, மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் சித்தப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன்.