அந்த நாவலில் நான் யார்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சின்ன ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய அந்தப் பழைய நாவலின் நாயகன் அச்சு அசலாக நான்தான் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸ் புத்தகக் கடையில் லலிதாவைப் பார்த்தேன். கிள்ளானில் என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவள். என் பதிவு எதற்கும் லைக் போடாதவள். கையில் அதே நாவல்.

"அந்தப் பையன் நான்தான் லா," என்றேன், தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ அவன் இல்ல. பேசுறவங்க பேரை போர்டுல எழுதி அடி வாங்கித் தர்ற மொனிட்டர் ஒருத்தன் வர்றான் பாரு, அவன்தான் நீ."

"சின்ன வயசு விளையாட்டு லா அது."

"நான் வகுப்புல வாயே திறக்க மாட்டேன். தினமும் என் பேரை ஏன் எழுதுன?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். போர்டு காலியாக இருந்தால் வாத்தியார் என்னைத் திட்டுவார். அவள் பெயரை எழுதினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

"அதுக்கப்புறம் டாய்லெட் போகக்கூட நான் கை தூக்கல, தெரியுமா?"

"சாரி லா, லலிதா."

"அதையும் போர்டுல எழுது," என்றவள் நாவலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

முழுதும் படித்தவர்கள் சொல்லுங்கள், அந்த மொனிட்டர் கடைசியில் திருந்துகிறானா? அப்படி ஒருவன் வருவதே எனக்கு இன்றுதான் தெரியும். நான் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டியதில்லை.